கவராயமும் கண்ணும்: தடித்த வட்டமுனை எழுத்துருவின் அமைப்பும் பயனும்

எழுத்துக்கு ஒலிவடிவு, வரிவடிவு என இருவகை வடிவுகள் உண்டென்பர் இலக்கண நூலார். ஒலிவடிவை ஆராய்வதற்கு நம்மிடையே நூல்கள் பல உள. வரிவடிவைப் பற்றியோவெனின், அஃது எக்காலத்தில் எவ்வாறு மாறிற்று என்னும் வரலாற்றோடு நாம் பெரும்பாலும் அமைந்துவிடுகின்றோம். நாடோறும் நம் கண்முன் தோன்றும் அச்செழுத்து ஏன் இவ்வுருவிற் சமைந்தது, அவ்வுரு எதற்குத் தகும், எதற்குத் தகாது என வினாவுவோர் சிலரே. அவ்வினாக்களை ஒருவகை எழுத்தின்மேல் மட்டும் வைத்து விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈண்டு எடுத்துக்கொண்ட எழுத்து உரோம எழுத்து வகைகளுள் ஒன்று. வட்டத்தையும் நேர்கோட்டையும் அடிப்படையாகக் கொண்டு, தடித்த கோடுகளால், முனைகள் உருண்டு விளங்குமாறு ஆக்கப்பட்டது அது. சிறுவர் நூல்களின் அட்டையிலும், விளையாட்டுப் பொருள்களின் பெட்டியிலும், கைப்பேசியின் திரையிலும் இதனைக் காணாதார் இலர்.

இதனை ஆராயப் புகுந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஆறாந் தர மாணவர்க்கென ஆங்கில வாசிப்பு அட்டைகள் சிலவற்றை ஆக்கினேன். கணினியில் இருந்த எழுத்துருக்களுள் மிகத் தடித்ததும் மிக உருண்டதுமான ஒன்றையே தெரிந்தெடுத்தேன். சிறுவர் அதனை விரும்புவர் என்பது என் எண்ணம். பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவனை எழுப்பி வாசிக்கச் சொன்னபோது, 'நோயுற்ற' எனப் பொருள்படும் மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லை அவன் 'நூற்றுப் பதினொன்று' என்று வாசித்தான். வகுப்புச் சிரித்தது. கவனமற்றவன் என யானும் அவனைக் கடிந்தேன். அன்று மாலை அட்டைகளை அடுக்கும்போது, அவன் இருந்த வாங்கில் அமர்ந்து அதே அட்டையை நோக்கினேன். வாக்கியத்தின் முதலில் நின்றமையாற் பெரிதாய் எழுதப்பட்ட 'ஐ' ஒன்றும், அதனை அடுத்த சிறிய 'எல்' இரண்டும் ஒரேயளவான மூன்று கோல்களாய் நின்றன. மாணவன் கண்டதையே வாசித்தான். பிழை அட்டையினது, அட்டையை ஆக்கியவன் யான். மறுநாள் அதனை வகுப்பின் முன்னிலையிற் சொன்னேன். ஆயினும், அழகிய எழுத்தொன்று இங்ஙனம் ஏன் ஏமாற்றியது என்னும் ஐயம் நீங்கவில்லை. அவ்வையத்தின் வழியே சென்று கற்றவற்றை இனிக் கூறுவேன்.

முனைக்கோடும் அதன் நீக்கமும்

உரோம எழுத்துக்களின் கோடுகள் முடியுமிடத்துச் சிறிய குறுக்குக்கோடுகள் அமைவதுண்டு. இவற்றைச் செரிப் என்று அச்சுத்தொழிலார் வழங்குவர். நாம் முனைக்கோடு என்போம். உரோமாபுரியில் கி.பி. 113 ஆம் ஆண்டில் நாட்டப்பட்ட திராயன் தூணின் அடிப்பீடத்துக் கல்வெட்டில் இம்முனைக்கோடுகளின் அழகை இன்றும் காணலாம். இத்தகைய எழுத்தில் ஒரு கோடு தடித்தும் மற்றொன்று மெலிந்தும் இருக்கும். ஐரோப்பாவில் நூல்களை அச்சிட்டோர் பல நூற்றாண்டுகளாக இவ்வழியையே பின்பற்றினர்.

முனைக்கோடற்ற எழுத்தை அச்சுக்கென வார்த்தவருள் முதல்வராக அறியப்படுபவர் இலண்டன் நகரத்து நான்காம் வில்லியம் கஸ்லன். 1816 ஆம் ஆண்டளவில் வெளிவந்த அவர்தம் மாதிரிப் புத்தகத்தில் பெரிய எழுத்துக்களால் அமைந்த ஒரேயொரு வரியாக அது தோன்றிற்று. 1832 ஆம் ஆண்டில் வின்சன்ற் பிகின்ஸ் என்னும் வார்ப்பாளர் இவ்வகைக்கு 'முனைக்கோடற்றது' எனப் பொருள்படும் பெயரை இட்டு விற்றார். தொழிற்புரட்சியின் விளைவாகக் கடைகளும் பொருள்களும் பெருகிய காலம் அது. சுவரொட்டியில் நின்று வீதியிற் செல்வோரை அழைக்கும் எழுத்து வேண்டப்பட்டது. அவ்வேலைக்கு இத்தடித்த எழுத்து உதவிற்று. நூலுக்குள் புகும் தகுதி அதற்கு உண்டென அன்று எவரும் எண்ணினாரல்லர்.

இந்நிலையை மாற்றியவருள் ஒருவர் எட்வேட் ஜோன்ஸ்டன். இலண்டன் சுரங்கப் புகையிரதச் சேவையின் விளம்பரப் பொறுப்பில் இருந்த பிராங் பிக் என்பவர் 1913 இல் அவரை அணுகி, நிலையங்களுக்கு ஏற்ற எழுத்து வேண்டுமெனக் கேட்டார். அவ்வெழுத்து 1916 இல் வழக்குக்கு வந்தது. ஜோன்ஸ்டன் பழைய கையெழுத்துப் பிரதிகளைக் கற்றுத் தேர்ந்த எழுத்துக்கலைஞர். ஆதலால், முனைக்கோட்டை நீக்கினாரேனும் உரோமக் கல்வெட்டின் அளவு விகிதத்தை விட்டாரல்லர். அவர் எழுதிய 'ஓ' ஏறக்குறைய முழு வட்டம். பெரிய எழுத்தின் உயரத்தில் ஏழில் ஒரு பங்கு கோட்டின் தடிப்பு. திருத்தங்கள் சிலவற்றோடு அவ்வெழுத்தின் வழித்தோன்றல் இன்றும் இலண்டன் நிலையங்களில் விளங்குகின்றது. அதன் சிறிய 'எல்' அடியில் வலப்புறம் சற்றே வளைந்திருக்கும். இச்சிறு வளைவின் அருமையை இறுதியில் உணர்வோம்.

கவராயம் வகுத்த எழுத்து

முதலாம் உலகப் போரின் பின் ஜேர்மனியில் வேறோர் எண்ணம் எழுந்தது. பழைய மரபுகள் சரிந்து கிடக்க, எந்திரயுகத்துக்கு ஏற்ற புதிய கலையை ஆக்க முனைந்தவர் பலர். அவருட் சிலர் எழுத்தையும் கேத்திரகணிதத்தின் மூல உருவங்களாகிய வட்டம், சதுரம், முக்கோணம் என்பவற்றால் ஆக்கலாம் என்றனர். பௌஹௌஸ் கலைப்பள்ளியைச் சேர்ந்த ஹேபேட் பேயர் 1925 இல் அத்தகைய எழுத்து வரிசை ஒன்றை வரைந்தார். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாட்டையும் ஒழித்து, கவராயத்தாலும் அடிமட்டத்தாலும் வரையத்தக்க சில வளைவுகளாலும் கோடுகளாலும் அனைத்தையும் அமைக்க முயன்றார். அக்காலத்தில் அஃது உலோக எழுத்தாக வார்க்கப்படவில்லை. ஒரு கொள்கையின் சின்னமாக நின்றது.

அக்கொள்கையை நடைமுறைக்குக் கொணர்ந்தவர் பவுல் ரென்னர். 1924 அளவில் அவர் தொடங்கிய வரைவு, 1927 இல் பிராங்பேட் நகரத்துப் பௌவர் வார்ப்புச்சாலையிலிருந்து 'பியூச்சுரா' என்னும் பெயரோடு வெளிவந்தது. எதிர்காலம் என்பது அப்பெயரின் பொருள். முதல் வரைவுகளிற் புதுமை மிகுந்த உருவங்கள் சில இருந்தன. சிறிய 'ஆர்' என்னும் எழுத்து, நிலைக்குத்தான ஒரு கோலும் அதனைத் தொடாது பக்கத்தில் நின்ற ஒரு புள்ளியுமாக இருந்தது. வார்ப்புச்சாலையோடு நிகழ்ந்த நீண்ட திருத்தங்களின் பின் இத்தகையன பெரும்பாலும் பின்தள்ளப்பட்டன. பெரிய எழுத்துக்களோ பழைய உரோமக் கல்வெட்டின் விகிதத்தையே தழுவின. எதிர்காலத்தின் பெயரைத் தாங்கிய எழுத்து இரண்டாயிரம் ஆண்டுப் பழமையின்மேற் கால் ஊன்றி நின்றமை கருதத்தக்கது.

எழுத்தின் உருவம் வெறும் அழகுப்பொருளன்று என்பதற்கு ரென்னரின் வாழ்வே சான்று. 1932 இல் நாற்சிகளின் கலைக்கொள்கையைக் கண்டித்து அவர் ஒரு சிறுநூல் வெளியிட்டார். 1933 இல் கைதுசெய்யப்பட்டு, மியூனிக் நகர அச்சுக்கலைப் பள்ளியில் வகித்த தலைமைப் பதவியையும் இழந்தார். ஆயினும் அவர் ஆக்கிய எழுத்து அழியவில்லை. 1969 இல் சந்திரனில் முதன்முதல் இறங்கிய மனிதர் அங்கு விட்டுவந்த உலோகத் தகட்டின் வாசகம் பியூச்சுரா எழுத்திலேயே பொறிக்கப்பட்டது.

கண்ணின் தீர்ப்பு

இனி நாம் ஆராயவேண்டிய முதன்மையான பொருளுக்கு வருவோம். வட்டமும் கோடுமே எழுத்தென்றால், கவராயமும் அடிமட்டமும் உடைய மாணவன் எவனும் நல்லெழுத்து ஆக்கலாமன்றோ? ஆக்க இயலாது. பியூச்சுராவின் 'ஓ' வட்டம் போலத் தோன்றுகின்றதேயன்றித் திருத்தமான வட்டமன்று. அதன் கோடு ஒரே தடிப்பினதாகத் தோன்றுகின்றதேயன்றி அவ்வாறு இல்லை. கேத்திரகணிதம் சரியென்பதைக் கண் சரியென ஒப்புவதில்லை. ஆதலால் வரைவோன் கண்ணுக்கு இசையக் கணிதத்தைச் சிறிது பிழைபடுத்துகின்றான்.

அத்திருத்தங்களுட் சிலவற்றைக் காண்போம். முதலாவது, ஒரே தடிப்புள்ள நிலைக்குத்துக் கோட்டையும் கிடைக்கோட்டையும் அருகருகே வைத்தாற் கிடைக்கோடே தடித்ததாய்த் தோன்றும். எனவே கிடைக்கோடுகள் சற்று மெலிக்கப்படும். இரண்டாவது, ஒரே உயரமுள்ள சதுரத்தையும் வட்டத்தையும் பக்கத்தில் வைத்தால் வட்டம் சிறிதாய்த் தோன்றும். மேல்வரம்பையும் கீழ்வரம்பையும் அது தொடுவது ஒரு புள்ளியிலேயாம். எனவே வட்ட எழுத்துக்கள் உயரத்தில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரையான பங்கு வரம்பைக் கடந்து நிற்குமாறு வரையப்படும். மூன்றாவது, உயரத்தின் நேர்நடுவில் இட்ட குறுக்குக்கோடு கீழிறங்கியதாய்த் தோன்றும். எனவே அது நடுவுக்குச் சற்று மேலே இடப்படும். நான்காவது, வளைவு ஒன்று கோலோடு கூடுமிடத்தில் இருள் திரண்டு கறைபோலத் தெரியும். எனவே கூடலை நெருங்கும்போது வளைவு மெலிந்து செல்லும். ஐந்தாவது, இரு வட்ட எழுத்துக்களுக்கு இடையிலுள்ள வெளியும் இரு கோல்களுக்கு இடையிலுள்ள வெளியும் அளவில் ஒன்றாயின் தோற்றத்தில் வேறாகும். எனவே வட்டங்கள் நெருக்கியும் கோல்கள் விலக்கியும் வைக்கப்படும்.

இவற்றை ஐயுறுவோர் ஒரு சிறு சோதனை செய்யலாம். ஆங்கில 'எஸ்' எழுத்தையோ '8' என்னும் இலக்கத்தையோ தலைகீழாகத் திருப்பி நோக்குக. நேராய் இருந்தபோது சமமெனத் தோன்றிய இரு பகுதிகளுள் ஒன்று பெரிதாய்ப் பருத்துத் தோன்றும். கீழ்ப்பகுதி முன்னரே பெரிதாய் வரையப்பட்டிருந்தது; நம் கண் அதனைச் சமமென ஏற்றிருந்தது.

தடிப்பினால் விளையும் இடர்

எழுத்தைத் தடிக்கச் செய்தல் கோட்டின் அகலத்தைக் கூட்டுதலேயன்றோ எனச் சிலர் கருதலாம். ஓர் எளிய கணக்கு இதனை விளக்கும். ஏழு அலகு உயரமுள்ள வட்ட 'ஓ' ஒன்றை ஒரு அலகுத் தடிப்பான கோட்டால் வரைந்தால், உள்ளே எஞ்சும் வெண்வட்டத்தின் விட்டம் ஐந்து அலகு. தடிப்பை இரண்டாக்கினால் எஞ்சும் விட்டம் மூன்று. வட்டங்களின் பரப்புக்கள் விட்டங்களின் வர்க்கத்துக்கு விகிதசமமாதலின், உள்வெளி 25 இலிருந்து 9 ஆகக் குறைகின்றது. கோடு இருமடங்காக, வெண்மை ஏறக்குறைய மூன்றிலொன்றாயிற்று.

சிறிய 'ஈ' என்னும் ஆங்கில எழுத்தில் இடர் இன்னும் மிகும். அதிற் கிடைக்கோடுகள் மேல், நடு, கீழ் என மூன்று. எழுத்தின் உயரம் ஐந்து அலகாயின், ஒரு அலகுக் கோடுகள் மூன்று போக இரண்டு அலகு எஞ்சும். மேலும் கீழுமாக ஒவ்வோர் அலகு வெளி கிடைக்கும். கோட்டை ஒன்றரை அலகாக்கினாலோ நாலரை அலகு கோட்டுக்கே போய், கால் அலகு வெளியே ஒவ்வோரிடத்தும் எஞ்சும். அச்சிடும்போது மை சிறிது பரந்தால் அதுவும் மூடிப்போகும். தேய்ந்த பிரதியெடுக்கும் எந்திரத்தில் எடுத்த வினாத்தாள்களில் இவ்வெழுத்து கறுத்த உருண்டையாய் மாறியதைக் கண்ட ஆசிரியர் பலர் இருப்பர்.

இதனாற் தடித்த எழுத்தை ஆக்குவோர் சிறிய எழுத்துக்களின் உயரத்தைக் கூட்டுவர், எழுத்தை அகலிப்பர், மூன்று கிடைக்கோடு வருமிடத்து அவற்றை மெலிப்பர். எழுத்தை வாசிக்கச் செய்வது கருமை மட்டுமன்று. கருமைக்குள் அடைபட்ட வெண்மையும் ஆகும். மண் குடமாயினும் நீர் நிற்பது அதன் வெற்றிடத்திலன்றோ!

உருண்ட முனை வந்த வழி

கோட்டின் முனையை உருட்டும் வழக்கம் அலங்கார விருப்பால் மட்டும் வந்ததன்று. கருவியும் அதற்குக் காரணம். சுழலும் வெட்டுமுனையால் உலோகத்திலோ கெட்டிப் பொருளிலோ எழுத்தைக் கடையும்போது, கருவி தொடங்கும் இடமும் முடியும் இடமும் இயல்பாகவே அரைவட்டமாகும். கோட்டின் அகலமும் எங்கும் ஒன்றாகும். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து ரசீன் நகரில் இயங்கிய கோர்ட்டன் நிறுவனத்தின் பொறிப்பு எந்திரங்கள் இவ்வகை எழுத்தை எந்திரத் தகடுகளிலும் விசைப்பலகைகளிலும் பரப்பின. வளைத்த கண்ணாடிக் குழாயில் ஒளிரும் நியோன் விளக்கெழுத்தும் இவ்வினத்ததே.

நம் முன்னோரின் எழுத்தையும் ஈண்டு நினைத்தல் பொருந்தும். ஐரோப்பியரின் அகன்ற இறகுப்பேனை திரும்புந்தோறும் தடித்தும் மெலிந்தும் எழுதிற்று. எழுத்தாணியோ ஓலையில் எத்திசையிற் சென்றாலும் ஒரே நுண்மையான கீறலையே இட்டது. ஓலையின் நரம்பு வழியே நீண்ட நேர்கோடு கீறினால் ஓலை கிழியுமாதலின் வளைவுகள் மிகுந்தன என்றுங் கூறுவர். கருவிக்கேற்ப எழுத்து உருவாதல் எந்நாட்டுக்கும் பொது என்பதை இதனால் அறியலாம்.

உருட்டுதலிலும் கண் தன் தீர்ப்பை வழங்குகின்றது. சதுர முனையுள்ள கோட்டின் இறுதிப் பகுதியை அரைவட்டமாக்கினால், அவ்விறுதிப் பகுதியின் பரப்பில் நூற்றுக்கு ஏறக்குறைய 21 பங்கு இழக்கப்படும். அதனாற் கோடு குறுகியதாய்த் தோன்றும். எனவே உருண்ட முனை சற்று நீட்டி வரையப்படும். அன்றியும், நேர்கோட்டின் வளைவு பூச்சியம். அரைவட்டத்துக்கோ நிலையான வளைவு உண்டு. இரண்டும் கூடுமிடத்தில் வளைவு திடீரென மாறுவதனால், பெரிதாக்கிய எழுத்தில் ஒரு மொழி போன்ற புடைப்புக் கண்ணுக்குத் தோன்றும். ஆதலின் தேர்ந்த கலைஞர் நேர்கோடு முடிவதற்கு முன்னரே வளைவைப் படிப்படியாகத் தொடக்குவர்.

ஒரு நிறுவனத்தின் எழுத்து

இவ்வினத்துள் மிகப் புகழ்பெற்றது 'வாக் ரவுண்டட்' என்னும் எழுத்துரு. ஜேர்மனிய மோட்டார் உற்பத்தியாளராகிய வொக்ஸ்வாகன், அவுடி என்னும் இருபெயர்களின் விற்பனை நிலையங்கள் 1970களின் இறுதியில் ஒரே பெயரின்கீழ்க் கொணரப்பட்டன. வொக்ஸ்வாகன் பயன்படுத்தி வந்தது பியூச்சுரா. அவுடியின் எழுத்தோ முனைக்கோடுடையது. இரண்டுக்கும் பொதுவாய், இரண்டிலும் வேறாய், ஒரு புதிய எழுத்து வேண்டப்பட்டது. இலண்டனைச் சேர்ந்த செட்லி பிளேஸ் என்னும் வடிவமைப்பு நிலையத்தார் அதனை ஆக்க, 1979 இல் அது வழக்குக்கு வந்தது. அக்குழுவில் இருந்த ஜெரி பார்னி, பிரித்தானியப் புகையிரதச் சேவையின் இரட்டை அம்புச் சின்னத்தை 1965 இல் அளித்தவர்.

உருண்ட முனை இவ்விடத்துக்கு ஏன் பொருந்திற்று என எண்ணிப் பார்க்கலாம். ஒரு நிறுவனத்தின் பெயர்ப்பலகை பல நாடுகளில், பல கைவினைஞரால், பல பொருள்களில் ஆக்கப்படுவது. கூரிய மூலையுள்ள எழுத்தில் ஒரு மூலை மழுங்கினாலும் குறை வெளிப்படும். முன்னரே மழுங்கிய முனையில் சிறு குறை மறைந்துபோகும். மேலும், வண்ணம் பூசிய தகடாயினும் ஒளிபரப்பும் கூடாயினும் உருண்ட வடிவம் எளிதில் வாய்க்கும்.

பின்னர் அந்நிறுவனத்தின் பொதுப்பெயர் 1990களிற் கைவிடப்பட்டது. எழுத்தோ அதனைக் கடந்து வாழ்ந்தது. கணினிக்கென விற்கப்பட்டு உலகெங்கும் பரந்தது. அப்பிள் நிறுவனத்தின் தட்டச்சுப் பலகைகளிற் பல ஆண்டுகள் அதுவே பொறிக்கப்பட்டிருந்தது. 2015 முதல் அவ்விடத்தை வேறோர் எழுத்து பெறத் தொடங்கிற்று. விரல் தொடும் விசையொன்றில் ஓர் எழுத்து தனியே நிற்பதாதலின், அங்குத் தெளிவும் மென்மையும் ஒருங்கே அமைந்தன.

எங்குத் தகும்?

தனியெழுத்து, சிறுசொல், பெயர், தலைப்பு என்பனவே இவ்வெழுத்தின் இயல்பான இடங்கள். தொலைவிலிருந்து நோக்குவார்க்கும் விரைந்து செல்வார்க்கும் அதன் கருமை உதவும். ஜப்பானில் அந்நாட்டெழுத்துக்கு ஆக்கப்பட்ட 'மரு கொதிக்கு' என்னும் வட்டமுனை வகை வீதிப் பலகைகளில் நெடுங்காலமாக வழங்குகின்றது. கோடுகள் நெருங்கிய எழுத்துக்களைக் கொண்ட மொழியொன்றும் இதனை ஏற்றமை, தக்க அளவும் வெளியும் வாய்த்தால் இவ்வகை தெளிவுடையதே என்பதைக் காட்டும்.

உருண்ட வடிவை மென்மையோடு இணைத்து நோக்குதல் மனித மனத்தின் இயல்பாகவும் தோன்றுகின்றது. வொல்ப்காங் கோலர் என்னும் உளவியலறிஞர் 1929 இல், கூரிய உருவம் ஒன்றையும் வளைந்த உருவம் ஒன்றையும் காட்டி, பொருளற்ற இரு பெயர்களுள் எது எதற்கு உரியதென வினாவும் சோதனையை வெளியிட்டார். வல்லோசைப் பெயரைக் கூரியதற்கும் மெல்லோசைப் பெயரை வளைந்ததற்கும் பெரும்பாலோர் அளித்தனர். தமிழகத்திற் பிறந்த நரம்பியலறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன், எட்வேட் ஹபேட் என்பாரோடு சேர்ந்து 2001 இல் இதனை மீண்டும் ஆராய்ந்து வலியுறுத்தினார். சிறுவர்க்கும் உணவுக்கும் உரிய பொருள்களில் உருண்ட எழுத்து மிகுதியாக வழங்குவதற்கு இவ்வியல்பும் ஒரு காரணமாகலாம்.

ஆயின் நீண்ட உரைநடைக்கு இது தகாது. வாசிப்போன் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசிப்பதில்லை. எழுத்துக்கு எழுத்து உள்ள வேற்றுமையைப் பற்றிக்கொண்டு கண் விரைந்து செல்கின்றது. எல்லா எழுத்தும் ஒரே வட்டத்தாலும் ஒரே கோலாலும் ஆயினவெனின், அவ்வேற்றுமை குறைகின்றது. ஆங்கிலச் சிறிய 'ஏ' வட்டமும் கோலுமாய் நிற்க, 'ஓ' வட்டமாய் நிற்க, 'சி' வாய் குறுகிய வட்டமாய் நிற்க, மூன்றும் உடன்பிறந்தார் போலத் தோன்றும். துக்கச் செய்தி, சட்ட அறிவித்தல் என்பவற்றுக்கும் இதன் மகிழ்ச்சித் தோற்றம் ஒவ்வாது.

மயக்கந் தீர்த்தல்

இறுதியாக, என் வாசிப்பு அட்டைக்கு மீள்வேன். பெரிய 'ஐ', சிறிய 'எல்', '1' என்னும் இலக்கம் ஆகிய மூன்றையும் மிக எளிய உருவுக்குக் குறைத்தால் மூன்றும் ஒரே கோலாகும். முனைக்கோடு இருந்தவிடத்து அதுவே இவற்றை வேறுபடுத்திற்று. அதனை நீக்கியோர் வேறுபடுத்தும் பொறுப்பை வேறொன்றன்மேல் வைத்தல் வேண்டும். ஜோன்ஸ்டன் 'எல்' எழுத்தின் அடியை வளைத்தது இப்பொறுப்பை உணர்ந்தேயாம். நிலையத்தில் வண்டியை நோக்கி விரையும் வழிப்போக்கனுக்கு அவ்வளவு சிறு வளைவு செய்யும் உதவி பெரிது.

இம்மயக்கம் நம் எழுத்துக்கும் புதியதன்று. பழைய ஓலைச் சுவடிகளிற் புள்ளி இடாது எழுதினமையால் எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் மயங்கின. காலும் ரகரமும் ஒரே உருவாய் நின்றன. பொருளை நோக்கிப் பாடத்தைத் துணிதல் வேண்டியிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர் நெடில்களுக்கு வேறு வடிவு வகுத்து மயக்கத்தைக் குறைத்தார். அவர் செய்தது அழகுக்கான மாற்றமன்று. வாசிப்போன்மேற் கொண்ட இரக்கத்தாற் செய்த மாற்றம் எனலாம்.

இவ்வாராய்ச்சியின் பயனாக என் அட்டைகளைத் திருத்தினேன். தலைப்பை உருண்ட தடித்த எழுத்திலேயே விட்டேன். சிறுவர் அதனை விரும்பினர் என்பது உண்மையே. கீழுள்ள வாக்கியங்களையோ, 'எல்' வளைந்ததும் 'ஐ' முனைக்கோடு பெற்றதுமான வேறோர் எழுத்துக்கு மாற்றினேன். மாற்றிய அட்டையைப் பின்வாங்கில் வைத்து வாசித்துப் பார்த்த பின்னரே வகுப்புக்குக் கொண்டுசென்றேன். முன்னர் நூற்றுப் பதினொன்று என்றவன் அச்சொல்லைத் தடையின்றி வாசித்தான்.

எழுத்துருவைத் தெரியும் வேலை முற்காலத்தில் அச்சுக்கூடத்தாருக்கே உரியதாயிருந்தது. இன்று அறிவித்தல் எழுதும் மாணவ தலைவனும், வினாத்தாள் ஆக்கும் ஆசிரியரும், கோயில் விழாவுக்குத் துண்டுப்பிரசுரம் ஆக்கும் இளைஞரும் கணினியில் அதனைத் தாமே செய்கின்றனர். உரிமை வந்தவிடத்துக் கடமையும் உடன் வருகின்றது. திரையில் அணித்தே நோக்கி 'அழகிது' என்றவளவில் நின்றுவிடாது, எழுத்து எவ்விடத்தில், எவ்வளவு தொலைவில், யார் கண்ணுக்குத் தோன்றப் போகின்றது என்று எண்ணுதல் வேண்டும். கவராயம் வட்டத்தைத் தரும். அவ்வட்டம் எழுத்தாயிற்றோ இல்லையோ என்பதைத் தீர்ப்பது வாசிப்போன் கண்ணேயாம் என்க.